கடைசி பெஞ்சில் ஒரு தலைமை ஆசிரியை

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும், தலைமை ஆசிரியையின் மேசைக்குப் பாடக்குறிப்பு நோட்டுகள் வந்து சேரும். ஒவ்வொன்றாகத் திறப்பார். கடைசியாக எழுதியிருக்கும் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்து, தேதி. மூடி இடப்பக்கம் வைப்பார். நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்த முதல் திங்கட்கிழமை, எல்லா நோட்டும் இடப்பக்கம் போய்ச் சேர ஐந்தாறு நிமிடம்தான் ஆனது. நடுவே இரண்டு போன் வேறு. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "நேரம் இல்லாததால படிக்கலைன்னு நினைக்காதீங்க சார். படிச்சாலும் இதுல வகுப்பு தெரியாது" என்றார்.

அந்தப் பேச்சுக்காகவே மறுபடி மறுபடி அங்கே போனேன். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் பல வருடம் இருந்தவன் நான். பள்ளிக்குப் போவது, வகுப்பின் பின்னால் நிற்பது, படிவம் நிரப்புவது எல்லாம் பழகிய வேலை. ஆனால் ஒரு தலைமை ஆசிரியர் தன்னோடு வேலை பார்க்கும் ஆசிரியரின் வகுப்பை எப்படிப் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் விடுகிறார், அதையெல்லாம் எது தீர்மானிக்கிறது என்று உட்கார்ந்து கவனித்ததே இல்லை. ஒரு கல்வியாண்டு முழுக்க, முடிந்த வாரங்களில் எல்லாம் போனேன். பள்ளி, வட மாவட்டம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளி. பெயரும் ஊரும் வேண்டாம். அந்த அம்மையாரும் அங்குள்ள ஆசிரியர்களும் என்னை நம்பிப் பேசியவர்கள்.

அந்த நாற்காலி

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. ஓட்டுக் கட்டடம் ஒன்று, நபார்டு நிதியில் கட்டிய மாடிக் கட்டடம் ஒன்று, நடுவில் ஒரு வேப்பமரம். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிற மாதங்களில் வகுப்பில் இடம் காலியாகக் கிடக்கும்.

தலைமை ஆசிரியை அடிப்படையில் கணக்கு டீச்சர். பட்டதாரி ஆசிரியராக இருபது வருடத்துக்கும் மேல் பாடம் எடுத்துவிட்டு, பணிமூப்பில் பதவி உயர்வு பெற்று வந்தவர். பணிமூப்பு மட்டும் போதாது, துறைத் தேர்வுகளும் பாஸ் பண்ண வேண்டும். கணக்கு விதிகள், அலுவலக நடைமுறை, கல்வித் துறை நிர்வாகம் என்று அதில் பாடங்கள் உண்டு. விடுப்பு விதி, பயணப்படி, தணிக்கைத் தடை இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இன்னொருவர் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு அவரிடம் அதைப்பற்றி எப்படிப் பேசுவது என்பது அந்தத் தேர்வுகளில் எங்குமே வராது. தலைமைப் பண்புப் பயிற்சிகள் அப்புறம் வந்தன. அவரும் போய்விட்டு வந்தார். "நல்லாத்தான் இருந்தது, ஆனா அங்க யாரும் என்னை ஒரு வகுப்புல உட்கார வச்சு, இப்ப என்ன பார்த்தேன்னு கேட்கலை" என்றார்.

உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பணம் பெற்று வழங்கும் அலுவலரும்கூட. ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல் களஞ்சியம் மென்பொருளில் அவர் கையால்தான் போக வேண்டும். இளநிலை உதவியாளர் இருக்கிற பள்ளியில் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். இங்கே அந்த இடம் காலி. பாடநூல், சீருடை, புத்தகப்பை, காலணி வந்தால் எண்ணி வாங்க வேண்டும். சத்துணவுக் கூடத்தில் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எமிஸ் தளத்தில் பிள்ளைகளின் விவரம், ஆதார், வங்கிக் கணக்கு. எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு, ஒன்பதாம் வகுப்புக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். இவற்றோடு பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடமும் அவரே எடுத்தார். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. "அதுவும் போயிட்டா நான் கிளார்க் ஆயிடுவேன்" என்று ஒருமுறை சொன்னார்.

இதைக் கேட்டதும், நேரம் இல்லாததுதான் சிக்கல் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆண்டின் நடுவில் இரண்டு வாரம், வேறொரு பள்ளி உதவியாளரை மாற்றுப் பணியில் அனுப்பிவைத்தார்கள். பில் வேலை குறைந்தது. அந்த இரண்டு வாரத்திலும் அவர் வகுப்புக்குப் போனது கூடவில்லை. மிச்சமான நேரம் பத்தாம் வகுப்பு மெல்லக் கற்போர் பட்டியலைச் சரிபார்க்கவும், பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தவும் போயிற்று. ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்த மீட்டிங்ல அதைத்தான் கேட்பாங்க" என்றார்.

மாலைக்குள் வரும் கேள்வி

அந்த ஆண்டு முழுக்கப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். மேலே இருந்து எந்தக் கேள்வி வரும் என்று ஒரு தலைமை ஆசிரியர் எதிர்பார்க்கிறாரோ, அதற்குப் பதில் கிடைக்கிற இடத்தில்தான் அவர் கண் நிற்கும். இதில் நேர்மைக் குறைவோ சோம்பலோ இல்லை. கேள்வி வரும்போது பதில் இல்லாமல் நிற்கும் அவமானத்தைப் பத்துக் கூட்டங்களில் பார்த்தவர்கள், பதினோராவது கூட்டத்துக்குத் தயாராகப் போகிறார்கள், அவ்வளவுதான்.

உயர்நிலைப் பள்ளியில் அந்தக் கேள்வி பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பற்றியது. மே மாதம் முடிவு வந்த அன்றே மாவட்டவாரியாகத் தரப்பட்டியல் வந்துவிடும். 2025-ல் மாநிலத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. சிவகங்கை 98.31 விழுக்காட்டோடு முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டு 91.55 விழுக்காடு, அரியலூர் முதலிடம். பட்டியலில் கீழே இருக்கும் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலரிடம் இயக்ககம் விளக்கம் கேட்கும். அவர் மாவட்டக் கல்வி அலுவலரைக் கேட்பார். கடைசியில் கேள்வி தலைமை ஆசிரியருக்கு வந்து சேரும். எத்தனை பேர் ஃபெயில், எந்தப் பாடம், யார் எடுத்தது. அதனால் பத்தாம் வகுப்பு மேற்பார்வை எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, ஒரு மதிப்பெண் வினா, 35 எடுக்க எந்தப் பாடம் போதும் என்கிற கணக்கு எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும்.

ஆறாம் வகுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறை. அலுவலகத்திலிருந்து அங்கே போக மைதானத்தைக் கடக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பள்ளி நேரத்தில், அவர் அந்த அறைக்குள் ஒரு முழுப் பிரிவேளை உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. வாசலில் நின்றிருக்கிறார், சத்தம் கேட்டால் போய் அதட்டியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் பின்னப் பெருக்கல் வராமல் தவிக்கும் பிள்ளை, அந்தத் தவிப்பைத் தொடங்கியது அந்தக் கடைசி அறையில்தான். கணக்கு டீச்சரான அவருக்கு இது நன்றாகவே தெரியும்.

கேள்வி மாறினால் பார்வை மாறும் என்பதற்கு என் பழைய வேலையிலேயே சாட்சி உண்டு. 2007-ல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது, நாங்கள் போய்க் கேட்டதெல்லாம் அட்டைகள் தட்டில் இருக்கிறதா, கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படி சுவரில் ஒட்டியிருக்கிறதா, பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்திருக்கிறார்களா என்பதுதான். தலைமை ஆசிரியர்களும் அதையே பார்த்தார்கள். அட்டைகள் அழகாக அடுக்கியிருந்தன. அப்புறம் 2022 ஜூனில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தோம். கொஞ்ச நாளில், "மூணாவதுல ரெண்டு பேருக்கு இன்னும் உயிர்மெய் வரலை" என்று பெயரோடு சொல்கிற தலைமை ஆசிரியர்களைப் பார்த்தேன். பதிவேற்றும் வேலை கூடிப்போனது என்று அவர்கள் குறைப்பட்டதும் உண்மை, அந்தக் குறையில் நியாயமும் இருந்தது. ஆனாலும் அட்டையை விட்டுப் பிள்ளையைப் பார்க்க வைத்தது நாங்கள் கேட்ட கேள்விதான்.

'ஆய்வு' என்றால்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் ஓடிவந்து சீட்டு ஒன்றைக் கொடுத்தான். அடுத்த அரை மணி நேரத்தில் தரை கழுவியாயிற்று, நன்றாகப் படிக்கிற நான்கு பேர் முதல் வரிசைக்கு மாறினோம். இன்ஸ்பெக்டர் வருகிறார்.

அந்தப் பயத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1854-ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகுதான் மாகாணங்களில் பொதுக் கல்வித் துறையும் ஆய்வாளர்களும் வந்தார்கள். சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, அந்த முடிவைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறையும் இருந்தது. வகுப்பைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்றால் பணமோ பதவியோ ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள வளாகம் 2022 கடைசியில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் ஆகிவிட்டது. ஆனால் ஆசிரியர்கள் இன்னமும் அதை, பொதுக் கல்வித் துறையின் பழைய ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான டி.பி.ஐ. என்றுதான் சொல்கிறார்கள். ஆய்வு என்கிற வார்த்தையும் அப்படித்தான். வேறு பெயர் வைத்தாலும் பழைய பொருள் கூடவே வருகிறது.

இந்தப் பள்ளியில் அதற்கு ஒரு சொந்தக் கதையும் இருந்தது. பல வருடத்துக்கு முன், வேறொரு தலைமை ஆசிரியர் காலத்தில், வகுப்பைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியர் குறிப்பெழுதும் உற்றுநோக்கல் பதிவேட்டில் எழுதிய ஒரு வரி பின்னால் ஒரு தகராறில் கோப்புக்குள் போய், அந்த ஆசிரியருக்கு 17-பி வரைக்கும் இழுத்துவிட்டதாம். ஒழுங்கு நடவடிக்கை விதியின் அந்த எண்ணை அரசு ஊழியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, பெரிய தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டு அது. சம்பந்தப்பட்டவர் மாறுதலில் போய்விட்டார், கதை மட்டும் பள்ளியிலேயே இருக்கிறது. புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் பதிவேடு கையில் இருக்கிற தலைமை ஆசிரியர் உள்ளே நுழைந்தால் வகுப்பு மாறிவிடும். கேள்வி கேட்கிற பிள்ளையை ஆசிரியர் கண்ணாலேயே உட்கார வைப்பார். ஏற்கனவே நடத்திய பாடத்தை மறுபடி நடத்துவார். தலைமை ஆசிரியர் "நன்று" என்று எழுதுவார். இரண்டு பேருக்கும் நிம்மதி.

இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. இங்கே தமிழ் ஐயா தலைமை ஆசிரியையைவிட மூத்தவர், ஊர்க்காரர். பாதிப் பெற்றோருக்கு அவரே பாடம் நடத்தியிருக்கிறார். அவரிடம் போய் உங்கள் வகுப்பில் இது சரியில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சங்கப் பொறுப்பில் இருக்கிற இன்னொரு ஆசிரியரிடம் பேசும்போது இந்த அம்மையார் குரலே மாறும். அடுத்த மாறுதல் கலந்தாய்வில் யார் போவார், யார் இருப்பார் என்பதும் மனதில் ஓடும். ஒரு வருடத்தில் கிளம்பிவிடப் போகிற ஆசிரியரோடு எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டதாக அவரே ஒத்துக்கொண்டார்.

தெரிந்த பாடம், தெரியாத பாடம்

இரண்டு வகுப்புகளைச் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில், ஒரே தலைமை ஆசிரியை பார்த்தவை.

முதலாவது தமிழ் ஐயாவின் ஒன்பதாம் வகுப்பு. குறுந்தொகைப் பாட்டு ஒன்று. ஐயா குரலெடுத்துப் பாடினார், பதம் பிரித்தார், கரும்பலகையில் முத்து முத்தாக எழுதினார். தலைமை ஆசிரியை பின்னால் உட்கார்ந்து கேட்டார், உண்மையிலேயே ரசித்தார். பதிவேட்டில், "குரல் வளம் நன்று. கரும்பலகைப் பயன்பாடு சிறப்பு. மாணவர் ஒழுங்கு நன்று" என்று எழுதினார். அன்று மதியம் ஐயா என்னிடம் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "கடைசி வரிசையில நாலு பேருக்குச் சொந்தமா ஒரு பத்தி வாசிக்க வராது சார். நான் பாடும்போது அவங்களும் வாயசைப்பாங்க. என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலை. அம்மா அதைப் பார்த்துட்டு ஏதாவது சொல்வாங்கன்னு நினைச்சேன்."

பார்க்க அவரால் முடியவில்லை. தமிழ் வகுப்பில் எங்கே கண் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாதபோது எல்லோரும் பிடித்துக்கொள்வது குரலையும் கரும்பலகையையும் ஒழுங்கையும்தான்.

இரண்டாவது எட்டாம் வகுப்புக் கணக்கு. பணியில் சேர்ந்து சில வருடமே ஆன இளைஞர். பின்னங்களைக் கூட்டுவது. நாலில் மூன்றும் ஆறில் ஐந்தும். மீ.சி.ம. பன்னிரண்டு, பன்னிரண்டில் ஒன்பது, பன்னிரண்டில் பத்து, கூட்டினால் பன்னிரண்டில் பத்தொன்பது. பளிச்சென்று முடித்தார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" அறையே அதிர்ந்தது. ஆறு கணக்கை எழுதிப் போட்டார்.

தலைமை ஆசிரியை அன்று பதிவேட்டைக் கொண்டுபோகவில்லை. அது என் யோசனை இல்லை, அவராகவே ஆபீசில் வைத்துவிட்டு வந்தார். கையில் ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கம் மட்டும். அதில் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். யாராவது தனியாகப் பதில் சொன்னாலோ, ஆசிரியர் ஒரு பிள்ளையின் நோட்டைப் பார்த்தாலோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நாற்பது நிமிடம் இதை மட்டும்தான் செய்தார். நடுவில் தன் பக்கத்தில் இருந்த பெண்ணின் நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தார். கரும்பலகையில் இருந்து எழுதிய கணக்கு அச்சாகச் சரி. அதற்குக் கீழே அவளே போட்டது: ஐந்தில் இரண்டும் மூன்றில் ஒன்றும், விடை எட்டில் மூன்று. மேலே இருப்பதை மேலோடு, கீழே இருப்பதைக் கீழோடு கூட்டியிருந்தாள். பக்கத்துப் பெண்ணும் அப்படியே. அந்தப் பெஞ்சு முழுக்க அப்படியே.

"புரிஞ்சுதுன்னு சொன்னியே?" என்று மெதுவாகக் கேட்டார். "எல்லாரும் சொன்னாங்க மிஸ்" என்றாள்.

மணி அடித்த பிறகு வேப்பமரத்தடியில் அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்தார். தாளில் ஒரு வார்த்தையும் இல்லை, கட்டமும் கோடும் மட்டுமே. முதல் இரண்டு வரிசைக் கட்டங்களில் கோடு கோடாக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒன்றிரண்டு. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை. அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு தூரத்துல நின்னுட்டேனா மேடம்?" என்றார். தலைமை ஆசிரியை, தானும் பதினைந்து வருடம் இப்படித்தான் முதல் வரிசைக்குப் பாடம் நடத்தியதாகச் சொன்னார். அப்புறம் எட்டில் மூன்று எங்கிருந்து வருகிறது என்று இருவரும் பேசினார்கள். ஐந்தில் இரண்டு என்பதை அந்தப் பெண் ஒரு எண்ணாகவே பார்க்கவில்லை, கோட்டுக்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக இரண்டு எண்ணாகப் பார்க்கிறாள் என்பதில் வந்து நின்றார்கள். கணக்கு டீச்சர் கணக்கு வாத்தியாரோடு பேசுகிற பேச்சு. குறை சொல்வது மாதிரியே இல்லை.

அடுத்த வாரம் அவர் நீளத் துண்டுக் காகிதங்களோடு வகுப்புக்குப் போனார். ஐந்தாக மடி, மூன்றாக மடி, ஒன்றன்மேல் ஒன்று வை, எட்டில் மூன்று வருகிறதா பார். பாதி வகுப்பு மடிப்பதிலேயே போய்விட்டது, போர்ஷன் பின்தங்கியது. அந்தப் பெஞ்சில் இரண்டு பேர் சரியாகப் போட்டார்கள், ஒருத்தி இன்னும் எட்டில் மூன்றுதான். தலைமை ஆசிரியை மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

பதிவேடு, செல்போன், துண்டுத் தாள்

இப்போது உற்றுநோக்கல் செல்போனில் நடக்கிறது. செயலியில் கேள்விகளுக்குப் பதில் தேர்ந்தெடுத்துப் பதிவேற்ற வேண்டும். அதன் நல்லதை மறுக்க முடியாது. தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் போகத்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயம் வந்தது, ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறைக்கும் அவர் போக நேர்ந்தது அதனால்தான். ஆனால் அந்தக் கணக்கு வகுப்புக்கு முன் அவர் செயலியோடு போன வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். தலை குனிந்தே இருந்தது. கேள்விக்குப் பதில் தேடித்தான் வகுப்பை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே சிக்னல் கிடைக்காததால், பதிவேற்ற மரத்தடிக்கு எழுந்து போனார். மேலே இருந்து வாட்ஸ்அப்பில் வரும் கேள்வி, இத்தனை உற்றுநோக்கலில் எத்தனை முடிந்தது என்பதுதான். எட்டில் மூன்று என்று எழுதிய பெண்ணைச் சொல்ல அதில் இடம் கிடையாது.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பயிற்சிக் கையேடுகளில் நான் பார்க்காத வழி, அதனால் விரிவாகச் சொல்கிறேன். செயலிக்கும் பதிவேட்டுக்கும் வேண்டியதை வகுப்பு முடிந்த பின் எழுதினார், எழுதுவதற்கு முன் அந்த ஆசிரியரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டினார். துண்டுத் தாள் ஆசிரியருக்கே சொந்தம், நகல் வைத்துக்கொள்ள மாட்டார். போவதற்கு முந்தின நாளே, "நாளைக்கு நான் எதைப் பார்க்கட்டும்?" என்று கேட்பார். முதலில் யாரும் பதில் சொல்லவில்லை. "நீங்களே பாருங்க மேடம்" என்றார்கள். அறிவியல் டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். "நான் கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கேன்னு பாருங்க. நானே பதில் சொல்லிடறேன்னு பசங்க சொல்றாங்க."

தமிழ் வகுப்புக்கு என்ன செய்வது? அங்கே தன்னால் முடியாது என்று ஒத்துக்கொண்டதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு நன்றாக வேலை செய்கிற ஒரு தமிழாசிரியை இருந்தார். இரண்டு தலைமை ஆசிரியர்களும் பேசி, ஒரு புதன்கிழமை அவரை இங்கே வரவழைத்தார்கள். ஐயா எந்த மறுப்பும் சொல்லவில்லை. தன்னைவிட இருபது வயது சின்னவர், அந்த நாலு பேரைத் தனியாக உட்கார வைத்து, அவர்களே சொன்ன கதையை எழுதி அதையே வாசிக்க வைத்ததை நோட்டில் குறித்துக்கொண்டார். "தங்கச்சி, இதை நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். பார்க்க வேண்டியவர் எப்போதும் தலைமை ஆசிரியராகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு பிரிவேளை ஒழித்துக் கொடுக்க அவர் ஒருவரால்தான் முடியும். அன்று அந்தத் தமிழாசிரியை விட்டுவிட்டு வந்த வகுப்புகளை அவருடைய தலைமை ஆசிரியரே பார்த்துக்கொண்டார்.

வேறு இடங்களில் பார்த்தவர்கள்

இது ஒரு பள்ளியின் கதை. ஒன்றை வைத்து ஊருக்கெல்லாம் பேசக்கூடாது. ஆனால் பெரிய அளவில் பார்த்தவர்கள் சொன்னவற்றில் இரண்டு, எனக்கு இந்தப் பள்ளியை ஞாபகப்படுத்தின.

அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டப் பள்ளிகளில் சுமார் 100 முதல்வர்களோடு நாள் முழுக்கக் கூடவே இருந்து, அவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள் ஆய்வாளர்கள். ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பென் மாஸ்டர் மூவரும் 2013-ல் வெளியிட்டார்கள். கற்பித்தல் சார்ந்த வேலைக்குப் போனது முதல்வர்களின் நேரத்தில் 12.7 விழுக்காடு. அதில் மற்ற எதையும்விட அதிக நேரம் எடுத்தது, வகுப்பு வகுப்பாகச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவது. ஆசிரியரோடு உட்கார்ந்து வழிகாட்டிய நேரம் அதிகம் இருந்த இடங்களில் பிள்ளைகளின் முன்னேற்றமும் நன்றாக இருந்தது. எட்டிப் பார்ப்பது அதிகம் இருந்த இடங்களில், குறிப்பாக மேல்நிலைப் பள்ளிகளில், முன்னேற்றம் குறைவாக இருந்தது. வாசலில் நிற்பதால்தான் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, சிக்கல் இருக்கிற பள்ளியில் முதல்வர் அதிகம் சுற்றிவரலாம். ஆனாலும் எத்தனை வகுப்பு பார்த்தீர்கள் என்று எண்ணிக்கை மட்டும் கேட்கிற எவரும் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்தில். பள்ளிகளை விரிவாக மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னேற்றத் திட்டம் எழுத வைக்கும் பெரிய ஏற்பாடு. கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது மனதைக் கனக்க வைக்கிறது. மதிப்பீடு நடந்தது, திட்டங்களும் எழுதப்பட்டன. ஆனால் வகுப்பறைக் கற்பித்தலிலோ பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் இல்லை. கீழே இருந்தவர்களுக்கு அது காகிதம் நிரப்பும் வேலையாகவே தெரிந்திருக்கிறது. அப்படியும் அது வெற்றிகரமான முன்மாதிரியாக மற்ற மாநிலங்களுக்குப் பரவியது. நானும் என் வேலையில் இப்படி எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதிவேற்றியாயிற்று என்று பச்சை டிக் வந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன்.

அதனால் மாதக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன். எத்தனை வகுப்பு என்று கேட்கிற அதே இடத்தில், "ஆறாம் வகுப்பில் என்ன பார்த்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், அடுத்த தடவை போனபோது என்ன மாறியிருந்தது" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று தலைமை ஆசிரியர்களைக் கேட்கட்டும். பதில் தெரியாமல் நிற்பவரைத் திட்டாமல் கேட்க வேண்டும். அது மட்டும் தவறினால் அடுத்த கூட்டத்துக்கு அழகான பொய்கள் தயாராகிவிடும்.

ஜனவரிக்குப் பிறகு

அக்டோபரில் தொடங்கிய துண்டுத் தாள் பழக்கம் டிசம்பர் வரை நடந்தது. மழை விடுமுறை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் தாண்டியும் நடந்தது. ஏழு ஆசிரியர்களாவது ஒருமுறையேனும் "இதைப் பாருங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்தார்கள். பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் திருப்புதல் தேர்வு அட்டவணை வந்தது. பத்தாம் வகுப்பு தவிர வேறு எதற்கும் யாருக்கும் நேரமில்லை. அவரும் பத்தாம் வகுப்புக்குள் போய்விட்டார். கணக்கு வாத்தியார் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "மேடம், இந்த வாரம் ஒரு பீரியட் வந்து உட்கார முடியுமா? இயற்கணிதம் ஆரம்பிக்கிறேன்" என்று கேட்டார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "மார்ச் போகட்டும் சார்" என்றார்.

மே மாதம் தலைமை ஆசிரியை விருப்ப ஓய்வு பெற்றார். பதவி உயர்வு, கலந்தாய்வு என்று நாள் போய், ஜூனில் பள்ளி திறந்தபோது அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. பொறுப்புத் தலைமை ஆசிரியர் தமிழ் ஐயா. அவருடைய தமிழ்ப் பிரிவேளைகளில் ஒன்றும் குறையவில்லை, பில் வேலை மேலே சேர்ந்துகொண்டது. நான் போனபோது திங்கட்கிழமை. பாடக்குறிப்பு நோட்டுகள் வலப்பக்கம் இருந்தன, கையெழுத்து இன்னும் போடவில்லை. ஐயா ஒரு பழைய விடைத்தாளைத் திருப்பி வைத்து, ஸ்கேலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறாவதுக்குப் போறேன் சார்" என்றார். "கணக்குதான். எனக்குக் கணக்கு தெரியாது. ஆனா யாரு பேசறா, யாரு பேசலைங்கறது தெரியும்ல?"

மேசையில் செல்போன் அடித்தது. எடுத்து, "ஐயா, இதோ அனுப்பிடறேன்யா" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கட்டம் போட்ட தாள் மேசையில் இருந்தது. முதல் பிரிவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.